இடப்பக்கம் வாய் திறந்த நத்தை

டீச்சர்,

நேற்று சாயங்காலம் நல்லம்பள்ளியில் முதல் கோடை மழை. மழை என்று சொல்வதுகூட அதிகம். காற்றடித்து, புழுதியைக் கிளப்பி, மாட்டுக் கொட்டகைத் தகரத்தைத் தடதடவென்று தட்டிவிட்டு, நாலு வாளித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டது. அந்த நாலு வாளி போதுமாக இருந்திருக்கிறது. காலையில் பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போனால், உங்கள் பெரணித் தொட்டியின் விளிம்பில் ஒரு நத்தை உட்கார்ந்திருந்தது.

கிணற்றடியில் நத்தை இருப்பதில் என்ன அதிசயம் என்று தட்டிவிடத்தான் போனேன். உங்களோடு அலைந்த பழக்கம் விடவில்லை. எடுத்து, ஓட்டின் கூரான முனையை மேலே வைத்து, வாய் என்னைப் பார்க்கும்படி திருப்பினேன். இந்தப் பக்கத்து நத்தைகளுக்கெல்லாம் வாய் வலப்பக்கம் இருக்கும். இதற்கு இடப்பக்கம் இருந்தது. வத்தல்மலை நத்தை. கை நடுங்கியது என்று எழுதினால் சிரிப்பீர்கள். நடுங்கவில்லை. சாம்பலும் புளியுமாக இருந்த கையில் வழுக்கியது, அவ்வளவுதான். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, மாமியார் வந்து என்னவென்று கேட்கும்வரை அழுதேன். கண்ணில் சாம்பல் பட்டுவிட்டது என்றேன். நம்பினார்களோ என்னவோ, பாத்திரங்களை அவர்களே கழுவி எடுத்துக்கொண்டு போனார்கள்.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெரணிச் செடியை நான் காப்பாற்றவில்லை. இந்த ஊர் வெயிலுக்கு அது இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. தொட்டியை வீசியெறிய மனம் வராமல் வைக்கோலுக்குப் பக்கத்தில், தகரத்தின் கீழே தள்ளி வைத்திருந்தேன். போன வாரம் இடத்தை ஒழிக்கும்போதுதான் கிணற்றடிக்கு நகர்த்தினேன். இவ்வளவு நாளும் அந்தக் காய்ந்த மண்ணுக்குள் இது வாயைப் பூசி மூடிக்கொண்டு தூங்கியிருக்கிறது. நான் உங்களை நினைத்து விழித்துக்கொண்டு கிடந்த காலமெல்லாம் இது நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

நீங்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அறுபதுகளின் பின்பாதியில். தர்மபுரி அப்போதுதான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி, ஊரெல்லாம் புதுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பூகோளம். நீங்கள் விஞ்ஞானம். நீங்கள் வேதக்காரர் என்பதும், உங்கள் ஊர் மாதா கோயிலும், விவசாயக் குடும்பமும், அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம் என்பதும் முதல் வாரத்திலேயே ஆசிரியைகள் அறைக்குத் தெரிந்துவிட்டன. தெரியாதது உங்கள் டிபன் பாக்ஸ்தான். அடுக்கு டிபன் பாக்ஸில் கீழ் அடுக்கில் சோறு, மேல் அடுக்கில் ஈரப் பாசியும் நத்தையும் வைத்துக்கொண்டு வருகிற மனுஷி இருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்? ஊறுகாய் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியை திறந்தார்கள். அன்றைக்கு அவர்கள் போட்ட சத்தத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பெல் அடித்துவிட்டது என்று வெளியே வந்துவிட்டன.

நமக்குள் முதல் பேச்சே சண்டைதான். நான் உலகப் படத்தை மாட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தென் அமெரிக்காவின் புடைப்பு ஆப்பிரிக்காவின் குழிவில் போய்ச் சேர்ந்துகொள்ளும் போல இருக்கிறதே என்று ஒரு பெண் கேட்டாள். எங்கள் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது, ‘எனச் சிலர் கருதுவர்’ என்று. பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன். பக்கத்து வகுப்பில் இருந்த உங்கள் காதில் அது விழுந்திருக்கிறது. மத்தியானம் என் எதிரில் வந்து உட்கார்ந்து, அந்தப் பெண் கேட்டதற்கு நான் மண்டியிட்டு நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்கிற மாதிரி பேசினீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் பாடத்தை நீங்கள் பாருங்கள் என்றேன். நீங்கள் கோபப்படவில்லை.

“இதுதாங்க டீச்சர் என் பாடம். நெலம் பிரிஞ்சா அது மேல இருந்த உசுரும் பிரிஞ்சுதான போவும்? உங்க படத்தப் பாக்காம என் நத்தைய எப்பிடிங்க படிக்கறது?”

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த மாதமே உங்களோடு வத்தல்மலை ஏறிக்கொண்டிருந்தேன். ரோடு ஏது அப்போது. சந்தைக்கு இறங்கி வந்து திரும்புகிற மலைப் பெண்களின் பின்னாலேயே ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். அவர்கள் தலையில் உப்பும் மண்ணெண்ணெயும் சுமந்துகொண்டு பேசிச் சிரித்தபடி ஏறுவார்கள். நாம் குடையையும் டிபன் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்குவோம். பாதி வழியில் நான் உட்கார்ந்து, எனக்கு இந்த நத்தையும் வேண்டாம், உங்கள் சிநேகிதமும் வேண்டாம் என்பேன். நீங்கள் கைக்குட்டையால் எனக்கு விசிறிக்கொண்டே அடுத்த பாறையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மேலே போனால் காற்றே வேறு. ஈரமான பாறை இடுக்குகளில் இலைச் சருகை விலக்கி நீங்கள் காட்டிய அத்தனை நத்தைக்கும் வாய் இடப்பக்கம் இருந்தது. சங்கு விற்கிறவர்கள் வலம்புரி என்று பட்டுத் துணியில் சுற்றி வைத்திருப்பார்களே, கூர்முனையைக் கீழே பிடித்துப் பார்ப்பதால் அவர்களுக்கு அது வலம், மற்றபடி அதே சுழி. இங்கே அது காலுக்குக் கீழே கொட்டிக் கிடந்தது. கிழக்கே சித்தேரி மலைக்குப் போனபோதும் அதே அளவு, அதே காப்பிப் பொடி நிறம், அதே வெள்ளைக் கோடு. ஆனால் வாய் மட்டும் வலப்பக்கம். அக்கா தங்கைதான், பிரிந்து போய் ஆளுக்கொரு விதமாக ஆகிவிட்டார்கள் என்றீர்கள். ஒரு காலத்தில் இங்கே தனித்தனி மலைகளே கிடையாது, எல்லாம் ஒரே மேட்டு நிலம், மழையும் ஆறும் கோடிக்கணக்கான வருடம் அறுத்து அறுத்து எடுத்த மிச்சம்தான் இந்த மலைகள் என்று பாடம் எடுத்தது நான்தான். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் சமவெளியைக் கீழே பார்த்தபடி சொன்னது எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

“நத்தைக்கு மலைதாங்க தீவு. இந்த வெயில் கொதிக்கற காடு மொத்தமும் அதுக்குக் கடல். மேல இருக்கறது எறங்கி வந்து அடுத்த மலைக்குப் போவவே முடியாது. அடுத்த மலையில அதே நத்தை இருந்தா, ரெண்டு மலையும் ஒரு காலத்துல ஒட்டி இருந்துச்சுன்னுதான அர்த்தம்?”

சரிதானே என்றேன். அப்போது சரியாகத்தான் இருந்தது.

என் மகனுக்கு மொட்டை போட தொப்பூர் மலைச்சரிவில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலுக்குப் போனபோது நீங்களும் வந்தீர்கள். கோயில் என்றால் மூன்று நட்ட கல், ஒரு பூவரச மரம், பக்கத்தில் வற்றாத ஊற்று. கீழே கணவாயில் லாரிகள் முக்கி முனகி ஏறுகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும். பிள்ளை அழுது, நாவிதர் அதட்டி, பொங்கல் பொங்கி வழிந்த கூட்டத்தில் உங்களைக் காணவில்லை. தேடினால் கற்களுக்குப் பின்னால் ஊற்றோரம் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து கிடந்தீர்கள். என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

“வேதக்கார டீச்சரம்மா நம்ம சாமிக்கு எப்பிடி வுழுந்து கும்புடுது பாரு. நீயுந்தான் இருக்கிற.”

நீங்கள் நிமிர்ந்து கையை விரித்தீர்கள். உள்ளங்கையில் காப்பிப் பொடி நிறத்தில், வெள்ளைக் கோட்டோடு ஒரு நத்தை. வாய் இடப்பக்கம்.

டீச்சர், அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. வத்தல்மலை வடக்கே எங்கோ இருக்கிறது. நடுவே நல்லம்பள்ளிக் கொதிப்பு முழுக்கக் கிடக்கிறது. அதைத் தாண்டிக் கணவாய்க்குத் தெற்கே இருக்கிற சரிவில் வத்தல்மலை நத்தை. தொப்பூர்ப் பள்ளம் விழுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே மலையாக இருந்ததற்கு ஓர் உயிருள்ள சாட்சி கிடைத்துவிட்டது என்றீர்கள். சாமிப் பொங்கலை ஒரு வாய்கூடத் தின்னாமல் பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தீர்கள். மொட்டைத் தலையோடு என் மகன் உங்கள் மடியில் தூங்கிவிட்டான்.

சென்னையில் ஒரு பேராசிரியருக்கு எழுதினீர்கள். அவரிடமிருந்து பதில் வந்தது. அதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டியது பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில், கெட்டுப்போன முட்டை வாடைக்கு நடுவே. இது பெரிய விஷயம், முழுசாக எழுதி எடுத்துக்கொண்டு ஜூனில் வாருங்கள், உங்களை ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். உதவித்தொகையும் உண்டு. உங்கள் அண்ணன் முதலில் குதித்தார். அப்புறம், சீட்டு உறுதியானால் போ, இல்லாவிட்டால் நான் சொல்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு என்று இறங்கி வந்தார். அப்படியே ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சிரித்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடைவீதிக்குப் போய் ஒரு பச்சைத் தகரப் பெட்டி வாங்கினோம். மூடியில் ரோஜாப்பூ வரைந்தது. சென்னைக்குப் போகிற பெட்டிக்கு ரோஜாப்பூ எதற்கு என்று கேலி செய்தேன். நீங்கள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

அந்த வருடம் மாசி மாதம் எங்கள் பங்காளிகளில் ஒரு வீட்டார் ஏரியூர்ப் பக்கம் நிலம் வாங்கிக்கொண்டு குடி போவதாக முடிவானது. அவ்வளவு தூரத்திலிருந்து தொப்பூருக்கு வர முடியாது, அங்கேயே ஒரு கல் நட்டுக்கொள்கிறோம் என்று பிடிமண் கேட்டார்கள். எங்களில் சாமியை அப்படித்தான் கொண்டுபோவார்கள். பழைய கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்துப் போய்ப் புது இடத்தில் போட்டால் சாமியும் கூடவே போய்விடும். பிடி என்பது பேச்சுக்குத்தான். உள்ளபடிக்கு ஒரு கூடை நிறைய எடுப்பார்கள். நானும் போயிருந்தேன். பெரியவர் ஒருவர் குளித்த ஈரத்தோடு உட்கார்ந்து, ஊற்றோரத்து மண்ணைப் பாசியும் வேரும் சருகுமாக இரண்டு கையாலும் அள்ளிப் புதுக் கூடையில் போட்டார். மேலே வேப்பிலை, அதற்கு மேல் மஞ்சள் துணி. வழியெல்லாம் அந்தத் துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போக வேண்டும். மண் காய்ந்தால் சாமிக்குத் தாகம் எடுக்குமாம்.

மஞ்சள் துணியைப் போடுவதற்கு முன்னால் நான் கூடைக்குள் பார்த்தேன். சருகு நடுவே காப்பிப் பொடி நிறத்தில் ஒன்று, வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

இது ஏரியூர் போகப்போகிறது என்று சிரிப்பு வந்தது முதலில். கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சரிவில் இறங்கிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்ற மாமியாரிடம், இந்தச் சாமி இங்கே எப்படி வந்தது என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

“இதென்ன கேள்வி. நம்ம முப்பாட்டன் காலத்துல வத்தமலையில இருந்து பிடிமண் எடுத்தாந்து வெச்சதுதான். அங்க இருந்துதான நாம எறங்கி வந்தது.”

பஸ்ஸில் வரும்போது சொல்வதா வேண்டாமா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. எப்படிச் சொல்வது என்பதுதான் யோசனை. உங்களிடம் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன என்னால் ஆகாது. திங்கட்கிழமை மத்தியானம் சோதனைச் சாலைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். கூடை, பாசி, தெளித்த தண்ணீர், தூங்கின நத்தை, வத்தல்மலை. மேஜையின் மேல் இருந்த கண்ணாடிக் குடுவையை ஒரு தடவை துடைத்தீர்கள். அப்புறம் அதையே மறுபடியும் துடைத்தீர்கள்.

“போயி பாத்துட்டு வந்துரலாம் டீச்சர்” என்றீர்கள்.

போனோம். ஊற்றைச் சுற்றி எல்லாம் இடப்பக்கத்து வாய். பூவரச மரத்தைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி, அதே ஈரமும் அதே சருகும் இருக்கிற அடுத்த ஓடைக்குப் போனால், எல்லாம் வலப்பக்கத்து வாய். தெற்குச் சரிவின் சொந்த நத்தை அதுதான். அது அங்கே இருப்பதை நீங்கள் முன்பே பார்த்திருந்தீர்கள். இரண்டும் பழைய காலத்திலிருந்தே சேர்ந்து வாழ்கின்றன என்று அதற்கு ஒரு காரணமும் எழுதி வைத்திருந்தீர்கள். உங்கள் வேதத்தில் பிடிமண் இல்லை, அதனால் உங்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு அது தினசரிப் பேச்சு, அதனால் எனக்கும் தோன்றவில்லை. கடல் என்று நாம் சொன்ன அந்த வெயிலை எங்கள் முப்பாட்டன் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே தாண்டியிருக்கிறார்.

பாறையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கணவாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கீழே ஏதோ ஒரு லாரி கவிழ்ந்து, வண்டிகள் வால் மாதிரி நின்றிருந்தன. பிறகு சிரித்தீர்கள். பொய்ச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே சிரித்தீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“பள்ளம் எவ்ளோ பழசுன்னு பாருங்க டீச்சர். சாமியே தூக்கியாந்தாத்தான் உண்டு, நத்தையால தாண்ட முடியல.”

பேராசிரியருக்கு எழுத வேண்டாம் என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவருக்குப் பிடிமண் தெரியுமா, தொப்பூர் தெரியுமா, அந்த மூன்று கல்லைத் தேடிக்கொண்டு எவன் வரப்போகிறான், முதலில் போய்ச் சேருங்கள், அப்புறம் வேறு நத்தை கிடைக்காமலா போகும் என்றேன். நான் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. என் சிநேகிதிக்காகச் சொன்னேன். நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. தப்பான நத்தையை வைத்துக்கொண்டு அங்கே போய் எந்த முகத்தோடு இன்னொரு நத்தையைப் பார்ப்பது என்று மட்டும் கேட்டீர்கள். அன்று சாயங்காலமே எழுதித் தபாலில் போட்டுவிட்டீர்கள்.

அவர் நல்ல மனிதர்தான். உங்கள் நேர்மையைப் பாராட்டிப் பதில் போட்டார். இந்த மலைக்கு ஒரு நத்தை, அந்த மலைக்கு ஒரு நத்தை என்பது முன்பே பலருக்குத் தெரிந்ததுதான், அதை மட்டும் வைத்து இடம் தருவதற்கு இல்லை, இந்த வருடம் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று இரண்டாவது பத்தியில் இருந்தது. முதல் பத்தியை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். இரண்டாவதை நானே வாங்கிப் படித்தேன்.

அண்ணன் பார்த்த மாப்பிள்ளை உங்கள் வயதைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கியதும், அடுத்து வந்தவர் வேலையை விடச் சொன்னதும், நீங்கள் முடியாது என்றதும், அண்ணன் பேச்சை நிறுத்தியதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பச்சைப் பெட்டி உங்கள் வாடகை அறையில் கட்டிலுக்கு அடியில் காலியாகவே கிடந்தது. நீங்கள் அழுது நான் பார்க்கவில்லை. வத்தல்மலையிலிருந்து ஒரு பெரணியை வேரோடு கொண்டுவந்து தொட்டியில் வைத்து, அதில் நத்தை வளர்த்தீர்கள். இடப்பக்கத்து வாய்க்குப் பிறப்பதும் இடப்பக்கம்தானா என்று பார்க்க வேண்டுமாம். மண்ணுக்குள் முத்து முத்தாக முட்டை இருப்பதைக் காட்ட என்னை வெயிலில் இழுத்துக்கொண்டு போனீர்கள். எவ்வளவு வருடம் டீச்சர்! யாருமே கேட்காத ஒன்றை அவ்வளவு வருடம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபமாக வரும். இப்போதும் வருகிறது.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது. வாயு என்று சொல்லிச் சொல்லியே ஓமத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். சிஸ்டர்கள் நடத்துகிற ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைகளில் வந்து பார்த்தேன். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பி நின்றது. என்ன பேசுவது என்று தெரியாமல், பாடப் புத்தகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னேன். கண்டங்கள் நகர்வது இப்போது ‘சிலர் கருதுவர்’ இல்லை, தனிப் பாடமாகவே வந்திருக்கிறது, இந்தியா தெற்கே எங்கோ ஒட்டிக்கிடந்து பிரிந்து மிதந்து வந்தது என்று படம் போட்டிருக்கிறது என்றேன். உங்களுக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது.

“இன்னும் நகருதாமே டீச்சர். நாம படுத்துக் கெடந்தாலும் நெலம் நகந்துக்கிட்டேதான் இருக்குது. இந்தக் கட்டிலோட சேத்து.”

நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு என்னைத் தெரியவில்லை.

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வெயில் சுட்டது. சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துக் குழியில் போட்டார்கள். எனக்கு அது தெரியாது, உங்கள் வழக்கத்தில் சாவுக்கு நான் வந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா என் கையில் மண்ணை வைத்து, போடும்மா என்றார்கள். நான் போடவில்லை. உள்ளங்கையில் வைத்து விரலால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். வெறும் செம்மண். அப்புறம்தான் போட்டேன்.

உங்கள் அண்ணன் வீட்டில் எல்லாருக்கும் காப்பி கொடுத்தார்கள். மூலையில் பச்சைப் பெட்டி இருந்தது, ரோஜாப்பூவோடு. உள்ளே கேழ்வரகு கொட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நல்ல பெட்டி, எலி நுழையாது. உங்கள் சாமானில் ஏதாவது வேண்டுமா என்று அண்ணன் என்னைக் கேட்டார். அழுது முகம் வீங்கியிருந்தார். நீங்கள் இருவரும் இவ்வளவு வருடம் பேசாமல் இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டியை மட்டும் கொடுங்கள் என்றேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்றார். மண் காய்ந்துவிடக் கூடாதே என்று வழியில் பாட்டில் தண்ணீரை அதன் மேல் தெளித்தேன். ஏன் தெளித்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான் தூக்கிக்கொண்டு வந்தது என்னவென்று இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது.

மத்தியானம் முழுக்க அதைக் கிண்ணத்தில் வைத்து மூடிவிட்டு, என்ன செய்வது என்று சுற்றிச் சுற்றி வந்தேன். வத்தல்மலைக்கே கொண்டுபோய் விடுவதுதான் முறை. நீங்கள் இருந்தால் அதைத்தான் சொல்வீர்கள், முழங்கால் வலிக்கிறது என்றாலும் விடமாட்டீர்கள். எனக்குப் போக மனம் இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு கிணற்றடிக்குப் போனேன். துவைக்கிற தண்ணீர் எந்நேரமும் ஓடி, கல்லுக்குப் பின்னால் வாழை அடியில் எப்போதும் குளிர்ச்சியாக ஓர் இடம் இருக்கிறது. தொட்டி மண்ணை அப்படியே அங்கே கவிழ்த்து, கிண்ணத்து நத்தையை அதன் மேல் விட்டேன். கவிழ்க்கும்போது மண்ணுக்குள் இன்னும் சிலது, குட்டியாக, வாயை மூடிக்கொண்டு தூங்குவது தெரிந்தது. எல்லாம் இடப்பக்கம். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சரிதான், டீச்சர்.

பிழைக்குமா தெரியவில்லை. நான் இருக்கிறவரை அந்த இடத்தில் ஈரம் காயாது. எனக்குப் பின்னால், என்றைக்காவது உங்களை மாதிரி ஒருத்தி டிபன் பாக்ஸோடு இந்தப் பக்கம் வந்து, இந்த வாழை அடியில் மண்டியிட்டு, ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, வத்தல்மலையும் இந்த வீடும் ஒரு காலத்தில் ஒட்டி இருந்தன என்று எழுதக்கூடும். எழுதட்டும். தொப்பூரில் ஒரு தப்பைத் திருத்தி உங்களைத் தர்மபுரியிலேயே நிறுத்தினேன். இந்தத் தப்பை நான் திருத்தமாட்டேன்.